போட்டில் பேசக் கூடாது

தம்பி, காலைக் கொஞ்சம் ஒதுக்கினீங்கன்னா நான் உள்ளே போயிடுவேன். ஜன்னலோரம் உக்காந்தாதான் எனக்கு ரோடு தெரியும். ரோடு தெரியலேன்னா மனசு நிலைகொள்ளாது. முப்பத்தோரு வருஷப் பழக்கம். பேரு ஞானசம்பந்தம், பிரேக் இன்ஸ்பெக்டரா இருந்து ரிடையர் ஆனவன். நீங்க இந்த ஜில்லாவுல லைசென்ஸ் எடுத்திருந்தா, எட்டுப் போடத் தெரியலேன்னு உங்களை நானே திருப்பி அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பேன். கோவிச்சுக்காதீங்க. காலை ஊனினா ஃபெயில், அதுல எனக்கு மாமன் மச்சான் எல்லாம் கிடையாது.

பை மடியிலேயே இருக்கட்டும். மேலே வெச்சா மறந்துடுவேன். உள்ளே ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கு. தண்ணியில போறப்ப போட்டுக்கறது. கோர்ட்டுல காட்டறதுக்கு எடுத்துட்டுப் போறேன். பத்தரைக்குக் கூப்பிடுவாங்க. இன்னைக்கு என் சாட்சி. முதல் சாட்சியே நான்தான்.

என்ன கேஸா? என் சம்சாரம் செத்துப்போன கேஸ். வர்ற மாசி வந்தா ரெண்டு வருஷம். தாழங்கழியில போட் கவுந்து போயிட்டா. பேப்பர்ல பாத்திருப்பீங்க, 'உல்லாசப் படகு கவிழ்ந்து ஓய்வுபெற்ற அதிகாரியின் மனைவி பலி'ன்னு போட்டிருந்தான். அதுல கடைசி வரி என்ன தெரியுமா? 'அவர் பாதுகாப்பு ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை.' அந்த ஒரு வரி, தம்பி. அதை மாத்தணும்னுதான் நான் இவ்வளவு நாளா அலையறேன். அவ போனது போயிட்டா, அதை யாராலும் மாத்த முடியாது. ஆனா ஞானசம்பந்தம் பொண்டாட்டி ஜாக்கெட் போடாம போட்ல ஏறினான்னு எழுதினா, என்னை என்ன நெனைப்பாங்க? போன்ல கூப்பிட்டுக் கேட்டேன் அந்தப் பேப்பர்காரனை. போட்டோவுல ஜாக்கெட் இல்லையே சார்ங்கறான். போட்டோவுல இல்ல. போட்டிருந்தா. நானே மாட்டி விட்டேன்.

முதல்ல இருந்து சொல்றேன். கோர்ட்டு ஸ்டாப்புக்கு இன்னும் முக்கா மணி நேரம் ஆகும், இவன் ஓட்டற ஓட்டுக்கு.

ரிடையர் ஆனதும் எல்லாரும் கோயில் குளம்னு போகச் சொன்னாங்க. எனக்கு எதையாவது ஓட்டணும். அந்த நேரம் பாத்து தாழங்கழியில ஒரு போட் கிளப் ஆரம்பிச்சாங்க. டாக்டருங்க, ரைஸ்மில் ஓனருங்க, பத்து பதினஞ்சு பேர். ஞாயித்துக்கிழமை காலையில போட் விடுவாங்க. நானும் ஒரு பைபர் போட் வாங்கினேன். பின்னாடி எஞ்சின், நாலு பேர் உக்காரலாம். முகப்புல 'அரசி'ன்னு எழுதினேன். மங்கையர்க்கரசின்னு அவளுக்குப் பேரு, வீட்ல அரசி. வெயில் தாங்கமாட்டா. அதனால இரும்புப் பைப் வளைச்சு மேலே கூரை போட்டேன். போட் வித்தவன் சொன்னான், மடக்கற மாதிரி போடுங்க சார், நட்டு போட்டு முடுக்காதீங்க, கவுந்தா ஆளு மாட்டிக்கும்னு. கவுந்தாத்தானே? ஆடற கூரையைப் பாத்தா எனக்கு ஆகாது. எட்டு நட்டு போட்டு முடுக்கினேன்.

அந்தக் கிளப்ல விதி தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். மத்தவன் எல்லாம் சாவியைத் திருப்புவான், போவான், வருவான். நான் புஸ்தகம் வரவழைச்சுப் படிச்சேன், கடல்ல கப்பல் ஓட்டறவன் படிக்கிற விதி. நீங்களும் தெரிஞ்சு வெச்சுக்குங்க, எங்கேயாவது போட்ல போனா உதவும். தண்ணியில கோடு கிடையாது, சிக்னல் கிடையாது, பிரேக் கிடையாது. பிரேக் இன்ஸ்பெக்டருக்கு பிரேக்கே இல்லாத வண்டி அமைஞ்சுது பாருங்க. நேருக்கு நேர் வந்தா ரெண்டு பேரும் வலப்பக்கம் ஒதுங்கணும். ரோட்டுல இடது, தண்ணியில வலது. இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை. ஒரு ஹார்ன் அடிச்சா வலப்பக்கம் திரும்பறேன்னு அர்த்தம், ரெண்டு அடிச்சா இடப்பக்கம். அஞ்சு அடிச்சா, நீ என்ன செய்யறேன்னு எனக்குப் புரியலை, ஆபத்துன்னு அர்த்தம்.

குறுக்கே வர்றதுதான் முக்கியம். நீங்க போயிட்டிருக்கீங்க, உங்க வலப்பக்கத்துல இருந்து இன்னொரு போட் வருது. நீங்கதான் வழி விடணும். உங்க இடப்பக்கத்துல இருந்து வருதா? அவன் வழி விடணும், வழி உங்களுக்கு. சரி, வழி இருக்கறவன் என்ன செய்யணும்? சொல்லுங்க பாப்போம். தெரியாது. டாக்டருக்கே தெரியலை. வழி இருக்கறவன் திரும்பக் கூடாது, வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. போன மாதிரியே போகணும். நீங்க தயங்கினா எதிராளி குழம்பிடுவான். அந்த வரியைச் சிவப்பு மையில கட்டம் போட்டு வெச்சிருந்தேன் நான்.

என் போட்ல ஏறினா என்னென்ன நடக்கும் தெரியுமா? கரையில வாட்ச்மேன்கிட்ட சொல்லணும், எத்தனை பேர் போறோம், எங்கே போறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம்னு. அப்புறம் ஜாக்கெட். மூணு பெல்ட் இருக்கும் அதுல. மாட்டி, கையை மேலே தூக்கச் சொல்லி, தோள்பட்டையில பிடிச்சு நான் மேலே இழுத்துப் பாப்பேன். ஜாக்கெட் காது வரைக்கும் ஏறினா பெல்ட் பத்தலைன்னு அர்த்தம், இன்னும் முடுக்கணும். மூச்சு முட்டுதுங்கும்பா அரசி. முட்டட்டும், முழுகாம இருப்பியேம்பேன். என் மணிக்கட்டுல சிவப்புக் கயிறு, அது எஞ்சினோட சேந்தது. நான் தண்ணியில விழுந்தா எஞ்சின் தானா நின்னுடும். விசில் கழுத்துல. இத்தனையும் பாத்து முடிச்சாத்தான் சாவியைத் திருப்புவேன்.

இன்னொண்ணும் இருந்துச்சு. அதோ, டிரைவர் தலைக்கு மேலே எழுதியிருக்கான் பாருங்க, 'ஓட்டுநரிடம் பேசக் கூடாது'ன்னு. அதை எங்க ஆபீஸ்ல போர்டு எழுதற ஆளைக் கூட்டிட்டு வந்து போட்லயும் எழுதினேன், கூரைக் கம்பியில, அவ கண்ணுக்கு நேரா. 'போட்டில் பேசக் கூடாது.' கிளப்ல சிரிச்சாங்க, இது எந்தப் புஸ்தகத்துல சார் இருக்குன்னு. புஸ்தகத்துல இல்ல. முப்பத்தோரு வருஷத்துல நான் எத்தனை ஆக்சிடெண்ட் பாத்திருக்கேன் தெரியுமா? பாதிக்கு மேல பக்கத்துல உக்காந்து பேசினவங்களால வந்தது.

அரசிக்கு வாய் ஓயாது. சாதாரணமாச் சொல்லலை, கேஸ் சிலிண்டர் போட வந்தவனைக்கூட உக்கார வெச்சு அவன் அக்கா பிரசவம் வரைக்கும் கேப்பா. நான் பெட்ரோல் ஊத்தற நேரத்துக்குள்ள கரையில எறால் விக்கற பொம்பளைங்களோட ஐக்கியமாயிடுவா. கன்னியம்மான்னு ஒருத்தி, அவளோட ரொம்ப ஒட்டு. இன்னைக்கு எந்தப் பக்கம் வலை போட்டிருக்கான் உன் வீட்டுக்காரன், எறால் எப்பக் கூடும், எப்பக் குறையும், எல்லாம் கேட்டுக்கிட்டு வருவா. கார்ல வீடு திரும்பறப்ப அதெல்லாம் எனக்குச் சொல்லுவா. கம்பு நட்டு அதுல பழைய புடவைத் துணி கட்டியிருந்தா வலை கிடக்குன்னு அர்த்தமாம்ங்க, துணிக்கும் தோணிக்கும் நடுவுல போகக் கூடாதாம்ங்கன்னு. நான் உம் கொட்டுவேன். ஆனா போட்ல ஏறிட்டா வாயே திறக்கமாட்டா. ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை பேசினதில்ல. நாரையைப் பாத்தா கையால காட்டுவா, அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை அந்த ஒரு மணி நேரம் அவ்வளவு அமைதியா இருக்கும். இப்ப வீட்ல நாள் பூரா அமைதிதான். மிக்ஸி சத்தம்கூடக் கிடையாது. அதனாலதான் பஸ்ல யார் கிடைச்சாலும் பிடிச்சுக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

பாத்தீங்களா, இண்டிகேட்டர் போடாம முந்தறான். என் காலத்துல இவனுக்கு லைசென்ஸே கிடைச்சிருக்காது.

அந்த நாளுக்கு வர்றேன். ஞாயித்துக்கிழமை, காலை எட்டே முக்கால். காத்து இல்ல, அலை இல்ல, தண்ணி தட்டு மாதிரி கிடக்கு. வாட்ச்மேன்கிட்ட சொல்லியாச்சு, ரெண்டு பேர், முகத்துவாரம் வரைக்கும், பத்து மணிக்குத் திரும்புவோம்னு. ஜாக்கெட் மாட்டியாச்சு. இழுத்துப் பாத்தாச்சு. நான் ஓட்டறேன், அவ எனக்குப் பின் சீட்ல. பாதி தூரம் போயிருப்போம். இடப்பக்கத்துல இருந்து ஒரு தோணி வருது. சின்ன மரத்தோணி, எஞ்சின் இல்ல, ஒருத்தன் துடுப்புப் போட்டுட்டு வர்றான். தேசப்பன்னு பேரு, பின்னாடி தெரிஞ்சுது. கன்னியம்மா புருஷன்தான்.

இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. அவன் எனக்கு இடப்பக்கம். நான் அவனுக்கு வலப்பக்கம். வழி யாருக்கு? எனக்கு. இடிக்கப் போறோமான்னு பாக்கறதுக்கு ஒரு வழி இருக்கு. உங்க போட்ல ஒரு கம்பிக்கு நேரா அந்தப் படகை வெச்சுப் பாக்கணும். நேரம் ஆக ஆக அது கம்பியை விட்டு விலகினா பயமில்ல. கம்பிக்கு நேரா அதே இடத்துல நின்னுக்கிட்டு பெருசாகிட்டே வந்தா, இடிக்கப் போகுதுன்னு அர்த்தம். நான் பாத்தேன். கூரைக் கம்பிக்கு நேரா நிக்கறான். விலகலை. பெருசாகிட்டே வர்றான். சரி, விதிப்படி செய்வோம்னு அஞ்சு ஹார்ன் அடிச்சேன். எண்ணி அஞ்சு. தமுக்கு அடிக்கற மாதிரி, இடைவெளி விட்டு. எதிர்த்தரப்பு வக்கீல் நோட்டீஸ்ல கேக்கறான், அஞ்சு ஹார்ன் அடிக்க எவ்வளவு நேரம் ஆகும், அந்த நேரத்துக்குள்ள ஸ்டீயரிங்கைத் திருப்பியிருக்கலாமேன்னு. திருப்பியிருக்கலாம். ஆனா வழி எனக்கு இருக்கறப்ப நான் ஏன் திருப்பணும்? அதுதான் அவனுக்குப் புரியலை.

அஞ்சாவது ஹார்னுக்கு அவன் நின்னுட்டான். துடுப்பைத் தண்ணியில ஊனித் தோணியை நிறுத்திட்டு எழுந்து நின்னான். துடுப்பை ரெண்டு கையாலயும் தலைக்கு மேலே குறுக்கே தூக்கிப் பிடிச்சான். எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? ஒரு சந்தோஷம். விட்டான் பாத்தியா வழியைன்னு. படிக்காதவன், ஆனா ஹார்னுக்கு அர்த்தம் புரிஞ்சு மரியாதையா நிக்கறானேன்னு. நானும் கையைத் தூக்கிக் காட்டினேன். அவன் காத்திருக்கானே, சீக்கிரம் கடந்துடுவோம்னு வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன். அரசி ஒண்ணும் பேசலை. ஸ்டேஷன்லயும் அதைத்தான் எழுதிக் குடுத்தேன். என் மனைவி எதுவும் சொல்லவில்லைன்னு.

அய்யோ, பிடிச்சுக்குங்க.

பாத்தீங்களா. பாத்தீங்களா அவனை. சந்துல இருந்து மொபெட்டை விட்டுக்கிட்டு நேரா மெயின் ரோட்டுல ஏறறான், பின்னாடி பொம்பளையை வேற வெச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பாக்கலை. நம்ம டிரைவர் எதுக்கு இப்படி பிரேக் போட்டான்? வழி யாருக்கு? மெயின் ரோட்டுல போற பஸ்ஸுக்குத்தானே? பின்னாடி லாரி வந்திருந்தா என்ன ஆகும்? கண்டக்டர் சொல்றதைக் கேட்டீங்களா, ரெண்டு உசிரு பொழைச்சுதுன்னு. நீங்களும் தலையாட்டறீங்க. பொழைச்சுது, நான் இல்லேங்கலை. தப்பு அவன் மேலதான், நம்ம டிரைவர் மேல ஒரு சதவீதம் கிடையாது. ஆனாலும் போட்டான் பிரேக். யோசிக்கவே இல்ல. திட்டிக்கிட்டே போட்டான்.

ஒண்ணுமில்ல தம்பி. தண்ணியெல்லாம் வேண்டாம். பிரேக் போட்டப்ப உங்க கை என் தோள் மேல பட்டுச்சு. அதான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அரசியும் அப்படித்தான் வெச்சா கையை.

வெச்சா. ஆமா. முதல்ல தோள் மேல கைதான். நான் தோளைக் குலுக்கித் தள்ளிட்டேன். அப்புறம் பேசினா. ஒன்றரை வருஷத்துல முதல் தடவையா போட்ல வாயைத் திறந்தா. "ஏங்க, வலப்பக்கம் கம்புல துணி கட்டியிருக்கு. வலை கிடக்குங்க. திருப்பிடுங்க"ன்னா. நான் திரும்பிக்கூடப் பாக்கலை. விரலைத் தூக்கி அந்த எழுத்தைக் காட்டினேன், இப்படி. அவ வாயை மூடிக்கிட்டா.

அதுக்கப்புறம் ரெண்டு நிமிஷம்கூட இல்ல. அவன் தோணியில ஒரு முனை, அந்தக் கம்புல ஒரு முனை, நடுவுல வலை. நேரா அதுக்குள்ள போனேன். வலைக் கயிறு எஞ்சின் விசிறியில சுத்திக்கிச்சு. ஓடற போட்டைப் பின்னாடி இருந்து பிடிச்சு இழுத்த மாதிரி நின்னுது. பின்பக்கம் இறங்குது, தண்ணி ஏறுது, என்னன்னு நான் நிதானிக்கறதுக்குள்ள அப்படியே ஒரு பக்கமா சாஞ்சு கவுந்துடுச்சு. நான் வெளியே விழுந்தேன். என் ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே கொண்டுவந்துடுச்சு. மூக்குல தண்ணி ஏறினதைத் தவிர எனக்கு ஒரு கீறல் இல்ல. அவளைக் காணோம்.

கூரைக்குள்ள மாட்டிக்கிட்டா. கவுந்த போட்டுக்கு அடியில, கூரைப் பைப்புக்கும் போட்டுக்கும் நடுவுல. வெளியே வரணும்னா கீழே அமுங்கித்தான் வரணும், ஜாக்கெட் அமுங்க விடாது. மேலே மேலே தூக்கும். நல்ல ஜாக்கெட் தம்பி. எண்பது கிலோ தாங்கும்னு சீட்டு ஒட்டியிருக்கு. அவ அறுபதுகூட இருக்கமாட்டா.

நான் என்ன செய்யணும்னு புஸ்தகத்துல இருக்கு. போட்டை விட்டு விலகக் கூடாது, அதைப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும், விசில் அடிக்கணும். நான் போட்டைப் பிடிச்சுக்கிட்டு விசில் அடிச்சேன். உள்ளே இருந்து தட்டினா. பைபர் போட் இல்லையா, தட்டினா கையில தெரியும். அவ உள்ளே இருந்து தட்டறா, நான் மேலே இருந்து விசில் அடிக்கறேன். எவ்வளவு நேரம்னு தெரியலை. தேசப்பன் தோணியில இருந்து குதிச்சு நீந்தி வந்தான். அவன் உடம்புல ஜாக்கெட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. "யாராவது உள்ள இருக்காங்களாய்யா"ன்னு கேட்டான். நான் விசிலை வாயில இருந்து எடுக்கலை. ஆமான்னு தலையை ஆட்டினேன். மூணு தடவை முங்கினான். மூணாவது தடவை கத்தியோட முங்கி ஜாக்கெட் பெல்ட்டை அறுத்து, அவளைக் கீழே இழுத்து, அந்தப் பக்கமா வெளியே கொண்டுவந்தான். தட்டறது அதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு.

இப்ப ஜாக்கெட்டைப் பாருங்க. மூணு பெல்ட். மூணுலயும் அறுத்த இடம் தெரியுதா? கொக்கி எல்லாம் மாட்டினது மாட்டினபடி இருக்கு, அதைக் கவனிங்க. கொக்கியைக் கழட்டலை, அறுத்திருக்கான். அப்போ அவ போட்டிருந்தான்னுதானே அர்த்தம்? கரையில கிடத்திப் போட்டோ எடுத்தப்ப ஜாக்கெட் இல்ல, ஏன்னா இவன் அறுத்துட்டான். அதைப் பாத்து அந்தப் பேப்பர்காரன் எழுதிட்டான். நான் அறுக்காதேன்னு சொல்லலை. ஆனா அவன் அறுத்ததாலதான் எனக்கு இந்தக் கெட்ட பேரு.

இது எப்படி என் கைக்கு வந்துச்சுங்கறீங்களா? அவனேதான் கொண்டுவந்து குடுத்தான். பதினாறாம் நாள் காரியத்தன்னிக்கு வாசல்ல வந்து நிக்கறான். கூட அந்தக் கன்னியம்மா. ஜாக்கெட்டை நல்ல தண்ணியில அலசிக் காய வெச்சு, மடிச்சுப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்காங்க. "வலையில சிக்கிக் கெடந்துச்சுங்க ஐயா"ன்னான். கன்னியம்மா வாயில முந்தானையை வெச்சுக்கிட்டு அழறா. நான் உள்ளே கூப்பிடலை. எப்படிக் கூப்பிடறது, நாலு நாள் முன்னாடிதான் அவன் மேல புகார் எழுதிக் குடுத்திருக்கேன். வழியில வலை போட்டு வெச்சது அவன்தானே?

என் பொண்ணு சுபாஷினி, கோயம்புத்தூர்ல காலேஜ்ல பாடம் நடத்தறா, அவதான் வெளியே போய் வாங்கினா. அரை மணி நேரம் வேப்பமரத்தடியில நின்னு பேசினாங்க. உள்ளே வந்து என்கிட்ட கேட்டா. "அப்பா, அம்மா அந்தத் துணிப் பக்கம் கையைக் காட்டி உங்ககிட்ட ஏதோ சொன்னாங்களாம். தேசப்பன் அண்ணன் பாத்திருக்காரு. என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை"ன்னேன்.

"அம்மாவுக்கு அந்தத் துணி என்னன்னு தெரியும்பா. கன்னியம்மா அக்கா சொல்லிக் குடுத்திருக்காங்க. பாத்துட்டு அம்மா சும்மா இருந்திருப்பாங்களா?"

"போட்ல பேசக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

அன்னிக்கு சாயங்காலமே கிளம்பிப் போயிட்டா. அதுக்கப்புறம் போன் கிடையாது, வீட்டுப் பக்கம் வர்றதும் கிடையாது. தேசப்பனுக்கு வக்கீல் வெச்சுக் குடுத்திருக்கறதே அவதான். இன்னைக்குக் கோர்ட்டுக்கு வருவா. எந்தப் பக்கம் உக்காருவான்னு எனக்குத் தெரியும்.

என் புஸ்தகத்தையும் எடுத்துட்டுப் போயிட்டா. லெட்டர் ஒண்ணு போட்டிருந்தா, அவ்வளவும் அந்தப் புஸ்தகத்துல இருந்துதான். நீங்க சிவப்புக் கட்டம் போட்ட வரிக்குக் கீழேயே இன்னொண்ணு இருக்கே அப்பா, எதிராளி ஒதுங்கினா மட்டும் பத்தாதுன்னு ஆயிட்டா வழி இருக்கறவனும் ஒதுங்கணும்னு, அதை ஏன் படிக்கலைன்னு. படிச்சேன். ஆனா அந்த நிலைமை வந்துடுச்சுன்னு எவன் வந்து சொல்லுவான்? வலை போட்டிருக்கறவனுக்கு எஞ்சின் படகு ஒதுங்கணும்னும் இருக்காம். இருக்கு, நானே ஒத்துக்கறேன். ஆனா வலை போட்டிருக்கறவன் அதுக்கான அடையாளம் காட்டணும். கறுப்பா ரெண்டு கூம்பு, முனையோட முனை சேத்து வெச்ச மாதிரி. படம் போட்டிருக்கு. இவன் என்ன காட்டினான்? கிழிஞ்ச புடவை. கிழிஞ்ச புடவையைப் பாத்து ஒதுங்கணும்னு எந்த விதியில இருக்கு, சொல்லுங்க.

நீங்க ஏன் ஒண்ணுமே பேச மாட்டேங்கறீங்க?

அவன் தோணி ஸ்டேஷனுக்குப் பின்னாடி கிடக்கு. வெயில்ல பலகை வாய் பிளந்துடுச்சு, இனிமே தண்ணியில விட முடியாதுன்னாங்க. அவன் உப்பளத்துல வேலைக்குப் போறானாம். கன்னியம்மா எறால் விக்க வர்றதில்ல. நானும் கிளப் பக்கம் போறதில்ல, கேள்விப்பட்டதுதான். அரசு வக்கீல் நேத்து சொன்னாரு, உங்க ஒரு வார்த்தையிலதான் சார் இருக்கு, பாத்தவங்க வேற யாரும் இல்ல, ரெண்டு வருஷம் வரைக்கும் உள்ளே போடலாம்னு. ஜாக்கெட்டைக் காட்டப் போறேன்னேன். வேண்டவே வேண்டாம்னாரு. அதைக் காட்டினா யார் அறுத்தாங்கன்னு வரும், எதுக்கு அறுத்தாங்கன்னு வரும், அவன் காப்பாத்த முங்கினதெல்லாம் வரும், கேஸ் போயிடும்னாரு. எனக்கு அது வேண்டாம், இது வேண்டாம்னு எதுவும் கிடையாது. அவ ஜாக்கெட் போட்டிருந்தா, அதுவும் எழுதணும். தப்பு அவன் மேல, அதுவும் எழுதணும். ரெண்டும் உண்மைதானே?

எதிர்த்தரப்பு வக்கீல் கடைசியாக் கேக்கப் போறது எனக்குத் தெரியும். உங்க மனைவி ஏதாவது சொன்னாங்களான்னு கேப்பான். சுபா என் வாயையே பாத்துட்டு உக்காந்திருப்பா. அவளுக்கு அம்மா ஜாடை. ராத்திரி பூரா அதையேதான் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டு இருந்தேன். எனக்கும் பயமா இருக்கு தம்பி, இல்லேன்னு சொல்லலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. அவ பேசினான்னு நான் சொன்னா என்ன ஆகும்? ஓட்டறவன்கிட்டப் பேசிக் கவனத்தைக் கலைச்சான்னு எவனாவது எழுதிடுவான். ஏற்கெனவே ஜாக்கெட் போடாதவன்னு ஒரு பேரு. இதுல இது வேறயா? செத்துப் போனவளுக்கு அந்தப் பேரும் வேணுமா? அவ ஒரு நாளும் விதியை மீறினவ இல்ல. ஒன்றரை வருஷம் ஒரு வார்த்தை பேசாதவ. பேசலைன்னுதான் சொல்லப் போறேன். அவளுக்காகத்தான்.

உங்ககிட்ட சொன்னதை மறந்துடுங்க. நீங்க யாரோ, நான் யாரோ.

அதோ கோர்ட்டு காம்பவுண்டு தெரியுது. இன்னும் ஒரு ஸ்டாப் இருக்கு. ஏன் எழுந்துட்டீங்க, உங்க ஊருக்கு இன்னும் ரொம்ப தூரம் இருக்கே. எனக்கு வழி விடறீங்களா?

நான் இன்னும் கேக்கவே இல்லையே தம்பி.